கை போன கேட்சர்

என் கட்டைவிரல் உடைந்தது பிரின்லி ஹோல்கம் வீசிய பந்தில். தரையில் குத்தி எகிறிய பந்து அது. மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து அதைத் தடுப்பது கேட்சரின் வேலை, தடுத்தேன், உடைந்தது. நாலு வருடம் அவள் வீசியதைப் பிடித்தவள் நான். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அவள் அப்பா மேல்தான்.

டுவைட் ஹோல்கம்தான் எங்கள் அணியின் கோச். துல்சா வட்டாரத்தில் பேஸ்பால் மாதிரியான இந்த சாஃப்ட்பால் ஆடும் எந்தப் பெண்ணைப் பற்றித் தெரிய வேண்டுமென்றாலும், கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் விசாரிப்பார்கள். விரலில் கட்டோடு நான் வேலியோரம் நின்றிருந்த ஒருநாள், ரெனாட்டா வாஸ் என்ற கல்லூரி கோச் அவரிடம் வந்தார்.

“அந்த டாகெட் பொண்ணு, கேட்சர், எப்படி?”

“மார்லியா? அவ கை போச்சுங்க. இனிமே ரெண்டாவது பேஸுக்குப் பந்து போய்ச் சேராது. போதாக்குறைக்கு சோம்பேறி வேற. அவளை விடுங்க, என் பொண்ணு வீசுறதைப் பாருங்க.”

கோடை முடிவதற்குள் விரல் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். அவரிடம் சொன்னதே நான்தான். அந்த வாரமே என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்.

“விட்டுத்தள்ளு மார்லி, வேற டீமா இல்ல?” என்றாள் அம்மா.

நான் விடவில்லை. குளிர்காலம் முழுக்க எங்கள் கொட்டகையில் ஒரு டயரைத் தொங்கவிட்டு அதன் நடுவில் பந்தை எறிந்துகொண்டே இருந்தேன். அந்த ஓட்டைக்குள் யார் முகம் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறு கோடையில் ஓக்மல்கி ஊரில் ஒரு சின்ன அணியில் சேர்ந்தேன். ஜூலைப் போட்டியில் எங்களுக்கு முதல் ஆட்டமே ஹோல்கம் அணியோடு. எனக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், கல்லூரி கோச்சுகள் மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாஸும் இருந்தார். பிரின்லியைப் பார்க்க வந்திருந்தார்.

ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் கேட்சர் ஒருமுறை இரண்டாவது பேஸுக்கு எறிந்து காட்டுவாள்; முதல் பேஸிலிருந்து அங்கே திருட்டுத்தனமாக ஓடுகிறவளை ஆட்டத்தில் அப்படி எறிந்துதான் அவுட்டாக்க வேண்டும். கல்லூரி கோச்சுகள் நொடி எண்ணும் கடிகாரத்தை அழுத்துவது அப்போதுதான். பாதிப் பேர் அந்த ஒரு வீச்சிலேயே எங்களை எடை போட்டுவிடுவார்கள்.

நான் பந்தைத் தொய்வாக எறிந்தேன். அது இரண்டு முறை தரையில் குதித்து உருண்டு போனது. கட்டைவிரலை உதறிக்கொண்டேன்.

இரண்டாவது பேஸில் நின்ற எங்கள் டோரி ஓடிவந்தாள். “என்னடி ஆச்சு? வலிக்குதா?”

“இல்ல. ஹோல்கம் பாக்குறாரா?”

“பாக்குறாரு. சிரிக்கிறாரு.”

“சிரிக்கட்டும்.”

“பைத்தியமாடி உனக்கு? பின்னாடி யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியுதா?”

தெரிந்தது. இரண்டு நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. எழுந்து அடுத்த மைதானத்துக்குப் போனார்கள். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிரணியில் ஒருத்தி முதல் பேஸுக்கு வந்ததும் ஹோல்கம் தொப்பியைத் தொட்டு, பெல்ட்டைத் தட்டினார். ஓடு என்பதற்கான பழைய சைகை. மாற்றக்கூட இல்லை, அவ்வளவு திமிர். பந்து வீசப்பட்டதும் அவள் இரண்டாவது பேஸுக்குப் பாய்ந்தாள். அவள் சறுக்கி வந்தபோது நான் எறிந்த பந்தோடு டோரி காத்திருந்தாள். அவுட்.

“காத்து! காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு!” என்று கத்தினார் ஹோல்கம்.

அடுத்த சுற்றிலும் ஒத்திகை வீச்சைத் தரையில் குதிக்கவிட்டேன். அவர் தன் அணியின் வேகக்காரியை அனுப்பினார். அவுட். மூன்றாவது ஆள் வந்ததும் அவரைப் பார்த்தபடியே கட்டைவிரலைப் பிடித்து முகத்தைச் சுளித்தேன். அனுப்பக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கும். ஆனால் ரோஷம் விடவில்லை. அவளும் அவுட்.

“கோச்! இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா? அனுப்புங்க!” என்று கத்தினேன்.

“ஏம்மா, வாயை மூடிட்டு ஆடு,” என்றார் நடுவர்.

பிரின்லியிடம் ஒரு பழக்கம் உண்டு. வேகப்பந்து போல் ஏமாற்றும் மெதுபந்தை வீசுமுன் நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். நாலு வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை எங்கள் அணி முழுவதற்கும் சொல்லியிருந்தேன். ஒருத்தி விடாமல் அடித்தார்கள்.

“எங்கடி போடுற? கண்ணு பொட்டையா?” என்று எல்லார் முன்னாலும் மகளைத் திட்டினார் ஹோல்கம். பிரின்லி என்னைப் பார்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. அடுத்து மட்டை பிடிக்க வந்தவள் நான். அப்புறம் நாக்கு நுனி தெரிந்தது. பந்தை வேலிக்கு மேல் அடித்தேன்.

அன்றைய ஆட்டங்கள் முடியும்வரை கல்லூரிக்காரர்கள் எங்களிடம் பேசக் கூடாது என்பது விதி. சாயங்காலம், அம்மா பக்கத்தில் இருக்க, வாஸ் வந்தார்.

“ஒத்திகையில பந்து ஏன் குதிச்சுது?”

“வேணும்னுதாங்க. அப்பதான் அவர் ஆளுங்களை ஓடவிடுவாரு.”

அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு காலேஜ் எழுந்து போச்சு. பழிவாங்கறதுக்காக என் டீமையும் இப்படி அடகு வைப்பியா?”

“உங்க டீம்ல என்னைப் பத்திப் பொய் சொல்ற ஆளு இருந்தா வைப்பேன்.”

அம்மா என் கையைக் கிள்ளினாள்.

“அவர் என்கிட்ட சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்துலதாங்க நின்னுட்டிருந்தேன்.”

வாஸ், மட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த ஹோல்கமிடம் நேராகப் போனார். எங்களுக்குக் கேட்கும்படியேதான் பேசினார்.

“டுவைட், அந்தப் பொண்ணு கை போச்சுன்னு என்கிட்ட சொன்னீங்க. இனிமே உங்க பொண்ணைப் பத்தி நீங்க சொன்னா நான் எதை நம்புறது?”

மட்டை ஒன்று ஹோல்கம் கையிலிருந்து நழுவி உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரின்லி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

இலையுதிர் காலத்தில் வாஸ் தன் கல்லூரி அணியில் எனக்கு இடம் கொடுத்தார், வாயை அடக்குவேன் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு. அப்போது போனில் ஒன்று கேட்டார். “நாலு வருஷம் பிரின்லிக்குக் கேட்ச் பண்ணியிருக்க. உண்மையைச் சொல்லு, அவ எப்படி?”

ஒரு வார்த்தை போதும், அவளை ஒழித்திருக்கலாம். அவள் அப்பா எனக்குச் செய்தது போலவே.

“பந்து பிரமாதமா வருங்க. நாக்கு விஷயத்தை ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம். அவங்க அப்பா மைதானத்துல இருந்தா மட்டும் ஆட மாட்டா.”

பொய்யைவிட இது அவள் அப்பாவுக்கு அதிகம் வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

வாஸ் அவளைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தார், அப்பா வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. பிரின்லி தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினாள். கேட்ச் பண்ணக் குந்தியிருந்தவள் நான்தான். நேராகப் பந்து வீசும் வட்டத்துக்குள் போய் நின்று, என் கையுறை சுடும்படி முதல் பந்தை வீசினாள்.