நூல் மாட்டாத கை

ஜன்னல் வழியே காலை வெயில். வெயிலில் ஒரு பட்டு நூல். நூலின் நுனியில் ஒரு கட்டைவிரல்.

நூல் நகர்ந்தது. நூல் மினுங்கியது. நூல் மாட்டிக்கொண்டது.

கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. பக்கத்திலேயே இன்னொன்று. துளசிமணி நூலை மெல்ல விடுவிக்கப் பார்த்தாள். அது அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி மாட்டியது.

ஆரி வேலையில் ஊசி மேலே, நூல் கீழே. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு அடியில் இடது கை நூலைக் கொடுக்க வேண்டும். மேலே வலது கை, கொக்கி ஊசியால் அதை வாங்கிக்கொள்ளும். கொடுக்கிற கை வழுவழுவென்று இருந்தால்தான் பூ பூவாக இருக்கும்.

ஊருக்கெல்லாம் கல்யாண ரவிக்கை போட்டுக் கொடுத்த கை அது. சொந்த மகளின் ரவிக்கை என்று வரும்போது இப்படியா முரண்டு பிடிக்கும்?

தை மாதம் மிருதுளாவுக்குக் கல்யாணம். பாலாடை நிறத்தில் முகூர்த்தச் சேலை. அந்தச் சேலையோடு சேர்ந்து வந்த ரவிக்கைத் துணி. அதே போல இன்னொரு துணி கோயமுத்தூரில் எந்தக் கடையில் ஏறி இறங்கினாலும் கிடைக்காது.

"கடையில குடுத்துரலாம்மா. கையக் கெடுத்துக்காதீங்க" என்று ஓசூரிலிருந்து மகள் ஃபோனில் சொன்னாள்.

"ஆகட்டும் கண்ணு" என்றாள் துளசிமணி. ஃபோனை வைத்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். சோப்பு பட்டு வெடிப்பெல்லாம் எரிந்தது. ஏன் அழுகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

அதைப் பார்த்துவிட்டார் நாச்சிமுத்து. அவள் வீட்டுக்காரர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடாத மிஷின் எதைக் கண்டாலும் கை பரபரக்கும் மனுஷன்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாச்சிமுத்துவுக்கு யோசனை வந்துவிட்டால் அந்த வீட்டில் ஈ எறும்புகூடச் சும்மா உட்கார முடியாது.

தோல் டாக்டரிடம் ஏற்கெனவே போயாகிவிட்டது. "சோப்பு உங்களுக்கு ஒத்துக்கலை. சோப்பத் தொடாதீங்க" என்று சொல்லி ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். களிம்பு பிசுபிசுத்தது. பிசுபிசுத்த கையோடு பட்டைத் தொட முடியுமா?

சோப்பைத் தொடாதே என்றதற்குத் துளசிமணி அங்கேயே சிரித்துவிட்டாள். நடக்கிற காரியமா? நாச்சிமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஐப்பசி. விட்டு விட்டு மழை. மழை இல்லாதபோது மழை வரப்போகிற இருட்டு.

நாச்சிமுத்துவின் யோசனை மஞ்சள். வீட்டில் இருக்கிற மஞ்சள், வீட்டில் இருக்கிற விளக்கெண்ணெய். கல்லில் உரசினார், குழைத்தார், குழைத்துக்கொண்டே பாட்டு வேறு. "கைய நீட்டு புள்ள!"

"இதோட எப்பிடிங்க பட்டத் தொடறது?"

"மொதல்ல ஆறட்டும். அப்பறம் தொட்டுக்கலாம்." விரல் விரலாகத் தடவினார். வெடிப்பு வெடிப்பாக நிரப்பினார். அவளுக்கும் இதமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று. ஜன்னல் படாரென்று திறந்தது. சாரல் உள்ளே வந்தது. சட்டத்தில் மகளின் துணி.

"ஏனுங்க! துணி! துணி நனையுது!"

நாச்சிமுத்து பாய்ந்தார். மழை தொடுவதற்குள் தூக்கினார். ஒரு சொட்டு விழவில்லை. காப்பாற்றிவிட்டார், மஞ்சள் கையால்.

பாலாடை நிறப் பட்டில் இரண்டு விரல். பளிச்சென்று இரண்டு விரல்.

மனுஷன் அத்தோடு விட்டாரா? ஓடிப்போய்ச் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். மஞ்சள் சிவந்தது. குங்குமமாகச் சிவந்தது.

"என்னங்க பண்ணிப் போட்டீங்க!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காயிற்று. அலசினார், அலசினார். சிவப்பு போய் மறுபடி மஞ்சளானது. மஞ்சளைச் சுற்றி எண்ணெய் வளையம்.

துளசிமணி திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மஞ்சள் பூசிய கையைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்: "எண்ணெய்க்குப் பூந்திக்கொட்டை. மஞ்சளுக்கு வெயிலு."

நாச்சிமுத்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். வெயிலா? வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது.

சரி, பூந்திக்கொட்டையாவது கிடைக்குமே. கொட்டுகிற மழையில் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினார். ஒரு சினிமா டிக்கெட் காசுக்கு ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார், பையை மட்டும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு.

தட்டினார், கொட்டையை எடுத்தார், தோலை ஊறப்போட்டார், கொதிக்க வைத்தார். ஆறியதும் கையை விட்டுப் பிசைந்தார்.

அடேங்கப்பா!

நுரை. பாத்திரம் நிறைய நுரை. விளிம்பைத் தாண்டிய நுரை. ஒரு மரத்தின் காய்க்குள் இத்தனை நுரை எப்படி ஒளிந்துகொண்டிருந்தது? ஐம்பத்தெட்டு வயது ஆள், முழங்கை வரை நுரையோடு, சின்னப் பையனைப் போலக் கத்தினார்: "புள்ள, இங்க வந்து பாரு!"

துணியை அந்தத் தண்ணீரில் அவரே அலசினார். கசக்கவில்லை, முறுக்கவில்லை. முக்கி எடுத்தார், முக்கி எடுத்தார். எண்ணெய் வளையம் போய்விட்டது. இரண்டு மஞ்சள் விரல் மட்டும் நின்றது.

இனி வெயில் வர வேண்டும்.

வெயில் வரவில்லை. காலையில் மாடிக்கு ஏறிப் பார்த்தார், வரவில்லை. மத்தியானம் பார்த்தார், வரவில்லை. பக்கத்து மாடியிலிருந்து யாரோ, "என்னங்கண்ணா, மழையவே பார்த்துட்டு நிக்கறீங்க?" என்று கேட்டார்கள். "மழையப் பாக்கலைங், வெயிலப் பாக்கறேன்" என்றார். கேட்டவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மகளின் ஃபோன் வந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுத்து, கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசினார்கள். துணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு நாள், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தரையில் ஒரு கட்டம் வெளிச்சம்.

"வெயிலு!"

சோறு அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் படியில் ஓடினார்கள். துணியை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொடியில் போட மனசில்லை. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால்?

மேகம் வந்தது. கீழே இறங்கினார்கள். வெயில் வந்தது. மேலே ஓடினார்கள். மேகம், வெயில், மேகம், வெயில். துளசிமணிக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்துவிட்டது. கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படி இருவரும் சேர்ந்து ஓடியதில்லை.

மஞ்சள் மெலிந்தது. மறுநாள் இன்னும் மெலிந்தது. அதற்கடுத்த வெயிலில் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தது. தேடினார்கள். இங்கேதானே இருந்தது? இங்கேதான். இல்லை!

"போயிருச்சு! போயே போயிருச்சு!" நாச்சிமுத்து மொட்டை மாடியில் குதித்தார். தண்ணீர் தேங்கிய இடத்தில் குதித்தார். அவள் சேலையெல்லாம் சேறு. அவளுக்குக் கோபமே வரவில்லை.

குதித்து முடிப்பதற்குள் அடுத்த யோசனை வந்துவிட்டது. பட்டுக்கே வலிக்காத நுரை, கைக்கு வலிக்குமா? பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை, துணிக்குப் பூந்திக்கொட்டை. சோப்பே வேண்டாம்!

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். மில்லில் புது மிஷின் வந்தால் ஃபிட்டர் ஓட்டிப் பார்த்துத்தானே ஆளிடம் விடுவார்? "சோதன முடியற வரைக்கும் நீ கை வைக்கப்படாது. பாத்திரம் நான்தான் தேய்ப்பேன். உனக்குப் பக்குவம் தெரியாது" என்றார்.

முப்பது வருஷமாகப் பாத்திரம் தேய்த்தவளிடம் சொன்னார்! துளசிமணி வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். "ஆகட்டுங்க" என்றாள்.

தேங்காய் நாரும் பூந்திக்கொட்டைத் தண்ணீருமாகத் தொட்டிக்கு முன்னால் நின்றார். முதல் நாள் சரியாக அலசவில்லை, காபி கசந்தது. இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். வாஷிங் மிஷினுக்குள் பழைய சாக்ஸில் கொட்டைத் தோலை முடிந்து போட்டார். சட்டை வெளுத்து வந்ததும் சாக்ஸை எடுத்துத் தெருவுக்கே காட்டினார்.

தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பின்பக்கம் திருப்பிவிட்டார். அங்கே கல்வாழை வைத்தார். அது தளதளவென்று வந்து சிவப்பாகப் பூத்தது. தெருவில் இருந்தவர்களைக் கூட்டி வந்து அதையும் காட்டினார்.

கார்த்திகை போனது. விளக்கு ஏற்றியாயிற்று. மார்கழி வந்தது. விடியற்காலைப் பனிக்காற்று தண்ணீர்த் தொட்டியைப் பனிக்கட்டியாக வைத்திருந்தது. நாச்சிமுத்து கூசிக் கூசித் தேய்த்தார். விடவில்லை. சோதனை என்றால் சோதனை.

ஒரு காலை, அவர் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து ஒரு சத்தம். ஊசி துணியைக் குத்துகிற சத்தம். டக், டக், டக். நிற்காமல்.

எட்டிப் பார்த்தார். சட்டத்துக்கு அடியில் அவள் இடது கை. கையில் நூல். நூல் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் மாட்டவில்லை.

ஈரக் கையோடு ஓசூருக்கு ஃபோன் போட்டார். "மிருதுளா! உங்கம்மா கை நல்லாயிருச்சு! எல்லாம் பூந்திக்கொட்ட!"

தெருவில் ஒருவரை விடவில்லை. பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுத்தார். பால்காரருக்கு ஒன்று, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவருக்கு ஒன்று. எல்லாம் பூந்திக்கொட்டை, எல்லாம் பூந்திக்கொட்டை.

துளசிமணி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தொட்டதே கிடையாது. அதைச் சொல்லி, இத்தனை சந்தோஷத்தை யார் கெடுப்பார்கள்?

பூ வந்தது, கொடி வந்தது, ரவிக்கைக் கையில் ஒரு மயில் வந்தது. மார்கழி முடிகிற நேரத்தில் கடைசி இதழும் வந்தது. துளசிமணி நூலை முடிந்து அறுத்தாள். ரவிக்கைத் துணியை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பட்டது போதும்.

கையில் மிச்சம் ஒரு முழ நூல்.

"இங்க வாங்க. கையக் காட்டுங்க."

முதலில் தன் உள்ளங்கையில் நூலை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். பிறகு அவர் கையைப் பிடித்து, அவர் கட்டைவிரல் மேல் இழுத்தாள்.

நூல் நகர்ந்தது. நூல் மினுங்கியது. நூல் மாட்டிக்கொண்டது.

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. பக்கத்திலேயே இன்னொன்று. அவள் விரலில் இருந்த அதே இடம். இத்தனை நாள் எரிந்துகொண்டுதான் இருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குத் தெரியுமாங்க, யாரு கைன்னு?" என்றாள் துளசிமணி.

அவர் நிமிரவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்த நாளெல்லாம் அந்த வெடிப்புக்குள் தெரிந்தது. குனிந்தபடியே கேட்டார்: "அப்ப, பூந்திக்கொட்ட?"

"அதுவுந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். உள்ளே போனாள். கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. மஞ்சளும் விளக்கெண்ணெயுமாக வந்து உட்கார்ந்தாள். "கைய நீட்டுங்க. நீங்க பட்டத் தொட வேண்டியதில்லையே, எவ்வளவு வேணும்னாலும் பூசலாம்."

விரல் விரலாகத் தடவினாள். வெடிப்பு வெடிப்பாக நிரப்பினாள். காலைப் பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடந்தது. அவள் கண் அந்தப் பக்கம் போனது.

"நீ தொடாத" என்றார் நாச்சிமுத்து. "இது காயட்டும். நான் தேய்ச்சுக்கறேன்."

ஜன்னல் வழியே காலை வெயில். வெயிலில் ஒரு பட்டு நூல். நூலின் நுனியில் ஒரு மஞ்சள் கட்டைவிரல். அவர் நூலை விடுவிக்கவில்லை.