சிவப்புத் துணி கட்டிய செடிகள்

தமிழ்ப்ரியாவுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் அது போய்ச் சேராவிட்டால் அவளுடைய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எடுத்துவிடுவோம் என்று லண்டன் பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். மற்ற ஏழு அத்தியாயங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

அவள் பெங்களூரில் பேராசிரியர். பெண் என்பதும், இனம் என்பதும், உடற்குறை என்பதும் ஒரே ஆளின் தலையில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதே அவள் பாடம். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆராய்ச்சி மாணவியாக, மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆறு வாரம் தங்கினாள். அங்கேதான் ரோசியைப் பார்த்தாள். சின்ன வயதிலேயே வலது கை விளங்காமல் போன ரோசி இடது கையால் கொழுந்து பறித்தாள். ஒற்றைக் கையால் பறித்தால் ஒரு நாளைக்கு வைத்த எடை எட்டாது. சாயங்காலம் தராசுக்குப் போகும் முன்னால் கூட வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டார்கள். தமிழ்ப்ரியா அதை ஆங்கிலத்தில் எழுதினாள். கட்டுரைக்கு ‘கைம்மாறு கேளாத பிடி’ என்று பொருள்படும் தலைப்பு. வேலை, பதவி, வெளிநாட்டு அழைப்பு எல்லாம் அந்தக் கட்டுரைக்குப் பின்னால் வரிசையாக வந்தன.

அன்றைக்கு ரோசி வாய்ச்சொல்லாகச் சம்மதித்ததே போதுமாக இருந்தது. இப்போது காகிதத்தில் வேண்டும் என்கிறார்கள். எஸ்டேட்டுக்குப் போன் செய்தபோது யூனியன்காரர் வேதமுத்து, “ரோசியா? அது போயி பத்துப் பன்னெண்டு வருசமாச்சே. இப்ப கஞ்சிக்கோட்டுல மக கூட இருக்கு” என்றார்.

தமிழ்ப்ரியாவின் சொந்த ஊர் எலப்புள்ளி. கஞ்சிக்கோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் அவள் அந்தப் பக்கமாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்ரியா போனபோது, மாதா கோயில் பூசை முடிந்து ரோசி வீட்டில் இருந்தாள். கம்பெனித் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விடும் ஒற்றை அறைகளில் கடைசி அறை. பக்கத்து அறையிலிருந்து இந்திப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

“டீச்சரா? உள்ள வாங்க. மெலிஞ்சு போனீங்களே.”

“நல்லா இருக்கீங்களாக்கா?”

“இருக்கேன். நிமி, டீச்சருக்குக் கட்டஞ்சாயா போடு. பால் தீந்துபோச்சு.”

மகள் நிமி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள். “அம்மா, இவங்கதானா அது?”

“சும்மா இருடி.”

தமிழ்ப்ரியா படிவத்தை எடுத்து, புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ரோசி கேட்டாள்.

“நீங்க சொல்லிக்குடுக்கிற படிப்புக்குப் பேரு என்ன டீச்சர்?”

“பொம்பளைங்க, இனம், உடல் ஊனம். மூணும் சேந்த படிப்புங்கக்கா.”

“நல்லதாப் போச்சு. கண்டக்டர் என்னைப் பொட்டச்சின்னான், மலையாளக் கடைக்காரன் தமிழ்க்காரின்னு பாண்டின்னான், லயத்துப் பயலுக நொண்டிக் கைன்னானுக. உங்களுக்கு மூணு பேரைத் தேடி அலையுற வேலை மிச்சம்.” ரோசி சிரித்தாள். தமிழ்ப்ரியாவும் சிரித்துவிட்டு நிறுத்தினாள், நிமி சிரிக்கவில்லை என்பதைக் கண்டு.

“என்னைப் பத்தி எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்தைப் பாப்போம்.”

“இங்கிலீசுல இருக்குதுங்கக்கா.”

“சொல்லுங்க, தமிழ்ல. நேரம் கெடக்கு.”

தமிழ்ப்ரியா மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பனி, லயத்து வரிசை வீடுகள், விளங்காத கை, பெண்கள் போடும் பிடி. ரோசி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘விடியற்காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் தனியாகத் தேயிலைக் காட்டுக்குள் இறங்குகிறாள். சில செடிகளில் சிவப்புத் துணி கட்டுகிறாள். அது அவள் மாதாவுக்கு வைக்கும் வேண்டுதல்’ என்ற இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

“வேண்டுதலா? யாரு சொன்னா?”

“நானாத்தான்... பாத்தா அப்படித் தோணுச்சுங்க.”

“அது குளவிக்கூடு டீச்சர்.”

தமிழ்ப்ரியாவுக்கு விளங்கவில்லை.

“செடிக்கு அடியில குளவி கூடு கட்டும். தெரியாமக் கைய விட்டா முடிஞ்சுது. ஜெபமாலைன்னு ஒருத்தி அப்படித்தான் செத்தா. அதுக்கப்புறம் நான்தான் முன்னால போவேன். குச்சியால வெலக்கிப் பாத்து, கூடு இருக்கிற செடியில துணி கட்டுவேன். அதுக்கு ரெண்டு கை எதுக்கு? கண்ணு போதும். நான் முன்னால போன பதினோரு வருசத்துல ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் அவளுக ஆளுக்கொரு பிடி போட்டாளுக. அது என் கூலி.”

“எனக்குத் தெரியாதுங்களேக்கா. தினமும் உங்ககிட்டப் பேசுனனே. கேட்டனே.”

“கேட்டீங்க. கை வலிக்குதான்னு கேட்டீங்க. மனசுக்கு வருத்தமா இருக்கான்னு கேட்டீங்க. என்ன வேலை செய்யுறேன்னு கேக்கல.”

நிமி சாயாக் குவளையைக் கொஞ்சம் பலமாகவே கீழே வைத்தாள். “மிச்சத்தையும் சொல்லும்மா.”

“என்னத்தச் சொல்ல.”

“அப்ப நான் சொல்றேன். நீங்க எழுதினதை மலையாளத்துல ஆக்கிப் பத்திரிகையில போட்டாங்க. அம்மா பேரை மாத்தியிருந்தீங்க. கை விளங்காதவ அந்த டிவிசன்ல அம்மா ஒருத்திதான். மேனேஜர் கூப்பிட்டு, அடுத்தவ பறிச்சுப் போட்டுத்தான் நீ வேலையில நிக்கிறியான்னு கேட்டாரு.”

“நான் சொன்னேன்,” என்றாள் ரோசி. “சார், நான் குளவி பாக்குறேன்னேன். அவரு பத்திரிகையைத் தட்டிக் காட்டி, அது இதுல இல்லையேன்னாரு. டாக்டரு அன்ஃபிட்டுன்னு எழுதினாரு. வேலை போனா லயத்து வீட்டையும் விடணும்ல. காந்தலூர்ல ஒரு வருசம் பூண்டு வெட்டப் போனேன். அப்புறம் இங்க. கம்பெனி கேண்டீன்ல மேசை தொடைக்கிறேன். அதுக்கும் ஒரு கை போதும்.”

சாயா ஆறிப்போயிற்று.

“மாத்தி எழுதலாமா டீச்சர்?” என்றாள் ரோசி. “அவ குளவி பாத்தான்னு?”

கணினித் திரையைப் பார்த்தபடி தமிழ்ப்ரியா உள்ளதைச் சொன்னாள். “மாத்துனா அத்தியாயமே நிக்காதுங்கக்கா. சும்மா குடுத்தாங்கங்கிறதுதான் அதுல விஷயமே. எத்தனையோ பேர் அதை எடுத்து எழுதியிருக்காங்க. அது தப்புன்னா...”

“உங்க வேலைக்குக் கேடு வருமா?”

“பேரு கெடும்.”

ரோசி இடது கையை நீட்டினாள். “பேனா குடுங்க.”

“அம்மா,” என்றாள் நிமி.

“வேலை போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. இன்னொருத்திக்கு எதுக்கு?” படிவத்தைத் தொடைமேல் வைத்து, மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். “அன்னைக்கு அவளுக போட்டது கூலி. இதுதான் டீச்சர் சும்மா குடுக்கிறது.”

எலப்புள்ளியில் வாசலில் நின்றிருந்தார் அப்பா அப்புசாமி. “வாங்கீட்டயா கண்ணு?”

“கெடைக்கலீங்கப்பா,” என்றாள். கையெழுத்தோடு பை தோளில்தான் இருந்தது.

அந்தக் கையெழுத்தை அனுப்ப அவளால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பகத்துக்கு எழுத உட்கார்ந்தாள். நான் எழுதியது தவறு, அந்தப் பெண் செய்த வேலையை நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று தொடங்கி, நான்கு முறை அழித்தாள். கடைசியில் போனது இரண்டே வரி. சம்பந்தப்பட்டவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்து அந்த அத்தியாயத்தை விலக்கிக்கொள்கிறேன்.

ஏழு அத்தியாயங்களோடு மெலிதாகப் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில், முன்னுரையைப் படித்திருந்த ஒருவர், ஓர் ஏழைத் தொழிலாளியின் மறுப்பை இவ்வளவு கௌரவமாக ஏற்றுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை என்றார். கை தட்டினார்கள். தமிழ்ப்ரியா எழுந்து கும்பிட்டாள்.

பழைய கட்டுரை இன்னும் வகுப்புகளில் இருக்கிறது. அதில் ரோசி மாதாவுக்கு வேண்டிக்கொள்கிறாள். புதிய புத்தகத்தின் முன்னுரையில் கையெழுத்திட மறுக்கிறாள். ரோசி போட்ட கையெழுத்து எலப்புள்ளி வீட்டு அலமாரியில், மடித்த பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் தமிழ்ப்ரியா அதை எடுத்துப் பார்ப்பாள். கஞ்சிக்கோட்டு வழியை விட்டுவிட்டு இப்போது கொழிஞ்சாம்பாறை சுற்றித்தான் வருகிறாள்.