என் கடையில் நடந்தது

உருகுவே நாட்டுச் சிற்றூரான ஆர்ரோயோ பார்தோவில் பாஸ்தா கடை நடத்திவந்த ஒதிலியா லார்ரோசாவுக்கு, அவள் போட்ட கையெழுத்து அவளுடையது அல்ல என்ற செய்தி அறுபத்தொன்றாவது வயதில் வந்தது. கொண்டுவந்தவர் மருந்துக்கடைக்காரர். டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, பூரணம் வைத்த ரவியோலி பாஸ்தா வாங்க வரிசையில் நின்றபடியே சொன்னார்.

“தேர்தல் ஆபீஸ்ல பட்டியல் ஒட்டியிருக்காங்க, ஒதிலியாம்மா. உங்க பேரும் இருக்கு. அடையாள அட்டையில இருக்கற கையெழுத்தோட பொருந்தலையாம். திங்கள் சாயங்காலத்துக்குள்ள நேர்ல போய் என்னுதுதான்னு சொன்னா ஏத்துப்பாங்க. இல்லைன்னா அடிச்சிடுவாங்க.”

ஒதிலியா மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டாள். அட்டையில் இருந்தது பதினெட்டு வயதுப் பெண்ணின் கையெழுத்து. அதன் பிறகு மாவு தேய்க்கும் உருளை அவளுடைய வலது கட்டைவிரலை ஒருநாள் நசுக்கிவிட்டது. அன்றிலிருந்து எழுத்தெல்லாம் இடதுபக்கம் சாய்ந்துதான் விழும்.

உருகுவே முழுக்க அப்போது இந்தக் கையெழுத்துகளைப் பற்றித்தான் பேச்சு. ராணுவ ஆட்சி போய் மூன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. அந்த ஆட்சிக்காலத்தில் ஆட்களைப் பிடித்துப்போனவர்கள், அடித்தவர்கள், காணாமல் ஆக்கியவர்கள் யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தது. அதை நீக்கலாமா என்று நாட்டையே கேட்க வேண்டுமென்றால், வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும். வீடு வீடாக வந்து கேட்டார்கள். ஒதிலியா கடை மேடையில் தாளை வைத்து, படித்துப் பார்த்துத்தான் போட்டிருந்தாள்.

கடை சாத்தியதும் தங்கை சுல்மா பின்கட்டிலிருந்து வந்தாள். கணவன் இறந்தபின் அக்காவோடு வந்து தங்கிவிட்டவள். அவள் மகன் தார்தோ ஊர்க்கோடி ராணுவ முகாமில் கார்ப்பரல்.

“போகாதே அக்கா. நீயா உன் பேரை எடுக்கலை, அவங்களா எடுக்கறாங்க. சும்மா இருந்தா போதும். ஒருத்தரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“என் கையெழுத்தை என்னுது இல்லைங்கறாங்களே, சுல்மா.”

“சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். தார்தோவுக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு. ‘உங்க பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு’ன்னு முகாம்ல அவனை ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.” சுல்மா மேசையில் மாத்தே தேநீர்க் குடுவையை ஓசைப்பட வைத்தாள். “நமக்கு யாரு செத்தா, சொல்லு. நம்ம வீட்லேர்ந்து யாரைத் தூக்கிட்டுப் போனாங்க? செத்தவங்க வீட்ல கேக்கறாங்க, நியாயம். உனக்கென்ன வந்தது?”

ஒதிலியாவிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத பதில்.

அது ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்து இசை வாத்தியார் அமில்கர் அரைக் கிலோ பாஸ்தா கேட்டிருந்தார். தராசில் போட்டு முள் நிற்கக் காத்திருந்தாள். மூன்று பேர் உள்ளே வந்தார்கள், ஒருவன் மட்டும் சீருடையில். வாத்தியாரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் திரும்பி ஒதிலியாவைப் பார்த்தார். சீருடைக்காரன், மரியாதையாகவே, “நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா” என்றான். கதவு சாத்திக்கொண்டது. அடுத்து நின்றவள் முகாம் சார்ஜென்ட்டின் மனைவி கிளேலியா. “ரெண்டு டஜன் ரவியோலி” என்றாள். ஒதிலியா வாத்தியாரின் அரைக் கிலோவைத் தட்டில் திரும்பக் கொட்டிவிட்டு ரவியோலியை எண்ணினாள். எண்ணிக்கை தப்பவில்லை. கைகூட நடுங்கவில்லை. இத்தனை வருடமாக அவளால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான்.

வாத்தியார் நான்கு வருடம் கழித்துத் திரும்பிவந்தார். இடது காது கேட்காது. பாடம் சொல்லித்தரும் வேலை போய், அக்கார்டியன் பழுதுபார்த்துப் பிழைத்தார். கடைக்கு வழக்கம்போல வந்தார். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக் கோடை வெயிலில் ஒதிலியா தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அட்டையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இந்த அட்டையில இருக்கற மாதிரி ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.”

“அது மாதிரி வராது.”

“முயற்சி பண்ணுங்கம்மா.”

“அந்த அட்டையில இருக்கற மூஞ்சி மாதிரி என் மூஞ்சியும் இல்லை. அதையும் மாத்திக் காட்டட்டுமா?”

வரிசையில் சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. ஒதிலியா நசுங்கிய கட்டைவிரலை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தாளை நகர்த்தினார். அதில் சாய்வாக, பெரிதாக, பேரை முழுசாக எழுதினாள்.

போதுமான கையெழுத்துகள் தேறின. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். சட்டம் போகட்டும் என்பவர்களுக்குப் பச்சைச் சீட்டு, இருக்கட்டும் என்பவர்களுக்கு மஞ்சள். அந்த நான்கு மாதமும் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் அண்டைவீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுல்மா தன் அறை ஜன்னலில் மஞ்சள் துணி கட்டினாள். ஒதிலியா கடைக்கதவில் பச்சை கட்டினாள். ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்துத் தெருவே சிரித்தது.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் அமில்கர் வாத்தியார் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

“நாளைக்கு நான் மஞ்சள் போடப்போறேன், ஒதிலியா. நீங்க வேற யார் வாயிலயாவது கேக்கக் கூடாதுன்னு வந்தேன்.”

ஒதிலியா மேடையைச் சுற்றிக்கொண்டு அவர் அருகே வந்தாள்.

“நீங்களா, வாத்தியாரே?”

“நான்தான். அந்த மூஞ்சிங்களைத் திரும்பப் பாக்க எனக்குத் தெம்பில்லை. எந்த ரூம், எத்தனை நாள், என்ன பண்ணாங்கன்னு ஜனங்க முன்னாடி நின்னு சொல்ல முடியாது. மிச்சமிருக்கற காலம் தூங்கணும், அவ்வளவுதான்.” தொப்பியைக் கையில் சுழற்றினார். “எனக்காகத்தான் இவ்வளவும் பண்றீங்கன்னா, விட்டுடுங்க.”

ஒதிலியாவுக்குக் கோபம் வந்தது. இவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று நினைத்தாள், ஆனாலும் வந்தது.

“உங்களுக்காக இல்லை.”

அவர் கேட்கும் காதைத் திருப்பினார்.

“உங்களைக் கூட்டிட்டுப் போனது உங்க விஷயம். அதை மறக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, நான் குறுக்கே வரலை. ஆனா இது என் கடை. உங்க வேலையைப் பாருங்கன்னான். பாத்தேன். எண்ணிக் குடுத்தேன். அது எனக்கு நடந்தது, வாத்தியாரே. அதை விட்டுடுன்னு நீங்ககூடச் சொல்ல முடியாது.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், மூடிய அறைக்குள் இரண்டு நிறச் சீட்டுகளும் அடுக்கியிருந்தன. மஞ்சளைப் போட்டால் யாருக்கும் தெரியாது. தங்கையோடு சமாதானம், தார்தோவுக்கு நல்லது, வாத்தியாருக்கும் அதுவே விருப்பம். இத்தனை பேர் வேண்டாமென்னும்போது நீ மட்டும் யார் என்று மனசு ஒருமுறை கேட்டது. கேட்டதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நீ யார் என்பதுபோலச் சொல்லித்தானே அன்றைக்கும் அவளை ரவியோலி எண்ண வைத்தார்கள். பச்சையை உறையில் வைத்து நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.

தோற்றார்கள். தலைநகரில் பச்சை முன்னால் நின்றது, நாடு முழுக்கக் கூட்டியபோது மஞ்சள் ஜெயித்தது. ஆர்ரோயோ பார்தோவில் நாலுக்கு மூன்று மஞ்சள். ரேடியோவின் ஒலியைக் குறைத்தவள் சுல்மாதான்.

“முடிஞ்சுதுக்கா. இனிமே அந்தப் பச்சையை அவுத்துடு.”

“மழையில வெளுத்துத் தானா விழட்டும்.”

அடுத்த ஞாயிறு கடையில் வரிசை வாசல்வரை நின்றது. கிளேலியா முன்னால் வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அப்பாடா, நாடே சொல்லிடுச்சு. இனிமே யாரும் பழசைக் கிளற வேணாம். இல்லையா ஒதிலியாம்மா? எனக்கு மூணு டஜன்.”

ஒதிலியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கிளேலியா, அன்னிக்கு நீ இதே இடத்துல நின்னே.”

“என்னிக்கு?”

“எழுபத்தாறுல. ஒரு வியாழக்கிழமை. உனக்கு முன்னாடி நின்ன ஆளை மூணு பேர் வந்து பிடிச்சிட்டுப் போனாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், அது அந்த மனுஷனோட விஷயம். நீ ரெண்டு டஜன் கேட்டே. நான் குடுத்தேன்.”

வரிசையில் எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

“எனக்கு ஞாபகம் இல்லை,” என்றாள் கிளேலியா.

“எனக்கு இருக்கு.”

“ஓட்டுப் போட்டு முடிச்ச விஷயம் இது. தோத்துப்போனவங்க கொஞ்சம் அடக்கமா இருக்கணும்.”

“அவங்க கோர்ட்டுக்கு வர வேணாம்னுதான் நாடு சொல்லியிருக்கு. என்னை வாயை மூடச் சொல்லி எந்தச் சீட்டுலயும் எழுதலை. நானும் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். இனிமே யார் வந்து முடிஞ்சுதான்னு கேட்டாலும் இதைச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் சொல்வேன். மூணு டஜன்தானே?”

கிளேலியா வாங்காமல் வெளியேறினாள். அவள் பின்னாலேயே நான்கு பேர் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். சிலர் தரையைப் பார்த்தபடி நின்றார்கள், என்றாலும் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் முன்னால் நகர்ந்து தன் வழக்கமான அளவைக் கேட்டார்.

முகாமிலிருந்து அதன்பிறகு யாரும் பாஸ்தா வாங்க வரவில்லை. தார்தோவின் பதவி உயர்வு மட்டும் ஜூலையில் வந்துவிட்டது. வாத்தியார் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவார், ஒதிலியாவும் தலையசைப்பாள். அதற்குமேல் எதிர்பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

சுல்மா ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், மாவு பிசைந்துகொண்டே, நிமிராமல் கேட்டாள்.

“அன்னிக்கு நான் இங்க நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கறே?”

“எண்ணிக் குடுத்திருப்பே. நான் குடுத்த மாதிரி.”

“என்கிட்டகூடச் சொல்லலையே நீ.”

“உன்கிட்ட மட்டுமில்லை. யார்கிட்டயும் சொல்லலை. அதான் இப்ப சொல்றேன்.”

சுல்மா மாவைப் புரட்டிப்போட்டு ஓங்கிக் குத்தினாள். “நான் போட்டது மஞ்சள்தான். மறுபடி கேட்டாலும் மஞ்சள்தான் போடுவேன்.”

“போடு,” என்றாள் ஒதிலியா. “நான் பச்சை.”