வாசலில் பாதி ஆடு

மடியிலிருந்த புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. லெய்சர் குனிந்து எடுத்து முத்தமிட்டார். கீழே விழுந்த புத்தகத்தை அப்படித்தான் எடுக்க வேண்டும், சின்ன வயதுப் பழக்கம். உதட்டை எடுத்த பிறகுதான் அட்டையில் ஆட்டைப் பார்த்தார்.

"ஆட்டுக்கு முத்தம் குடுக்க வெச்சிட்டியே" என்றார் மகளிடம்.

புத்தகத்துக்குப் படம் வரைந்தவள் ஃப்ரீமாதான். அம்மாவின் முதல் நினைவு நாளுக்காக ஒடெசாவிலிருந்து வந்திருந்தாள். சாயங்கால ரயிலில் அவரையும் கையோடு கூட்டிப் போவதாகப் பிடிவாதம். செர்னிவ்ட்சியில் இன்னொரு குளிர்காலம் அவரைத் தனியாக விடமாட்டாளாம். ஒடெசாவில் அவள் வீட்டில் இரண்டே அறை. புருஷன், மாமியார், நான்கு பிள்ளைகள். அந்தச் சந்தைக்கடையில் எவன் படுப்பான் என்று காலையிலிருந்து அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் நடக்காததைப் படம் போட்டு நடத்தப் பார்க்கிறாள் என்று பட்டது. ரயிலடியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர் அவர். சும்மா நீட்டப்படும் எதையும் நம்பியதில்லை.

கதை தெரிந்ததுதான். வீட்டில் இடமில்லை, ஓயாத சண்டை என்று ஓர் ஏழை, யூத மதகுருவான ரப்பியிடம் போய் அழுவான். கோழி, ஆடு, மாடு எல்லாவற்றையும் உள்ளே கட்டு என்பார் ரப்பி. அப்புறம் விரட்டச் சொல்வார். அப்பாடா, வீடு எவ்வளவு பெரிசு என்று அவன் தூங்கிப்போவான். இருக்கிற இடத்தில் ஒண்டிக்கொள் என்கிற கதை. யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாதா?

அவருக்குப் பிரார்த்தனைப் புத்தகத்தின் எபிரேய எழுத்து மட்டும்தான் தெரியும், வலமிருந்து இடமாகப் போவது. இதையும் அது போலவே வலப்பக்கத்திலிருந்து திறந்தார்.

"அது முடிவுப்பா. இந்தப் பக்கத்துலேர்ந்து பாருங்க."

"எனக்குத் தெரிஞ்ச புத்தகமெல்லாம் இப்படித்தான் தொறக்கும்."

முதலில் ஓர் அமைதியான வீடு. கட்டிலில் ஒருவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிடந்தான்.

"களைப்புல தூங்கிட்டான்" என்றாள்.

"களைப்பா? கழட்டித் தொலைன்னு திட்ட ஆளில்ல."

ஃப்ரீமா அவர் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

அடுத்த பக்கத்தில் வாசற்படியில் பாதி ஆடு. வருகிறதா போகிறதா என்று சொல்ல முடியாது. பிறகு மாடு, கோழி, இறகு, சாணி. திருப்பத் திருப்ப அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் வீடு நிறைய மனிதர்கள். கணப்படுப்பின் மேல்திண்ணையில் பிள்ளைகள், கொட்டிய சூப், கரண்டியை ஓங்கிய கிழவி. நடுவில் அந்த ஆள், பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். காலில் வீட்டுச் செருப்பு.

லெய்சர் கிழவியின் கரண்டிமேல் விரலை வைத்தார்.

"இது ஒன் மாமியாரா?"

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"கொறட்ட விடுவாளா?"

"செவுரே அதிரும்."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஃப்ரீமா கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலால் கட்டிலுக்கடியில், கூட எடுத்துப்போக, வீட்டுச் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார் லெய்சர்.