சோற்றில் முடிகிற கதைகள்

முதலில் அந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கையில் ஜெயித்துவிடலாம் என்று புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார் ஒருவர். கல்யாணமான நாளிலிருந்து பஜ்ர் பாங்குக்கு முன்னே எழுந்து அடுப்படிக்குப் போகிறவள் நான். ஜெயம் எங்கள் தெருப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த மனுஷனுக்கு விடியற்காலையில் யாரோ காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கவிதைப் புத்தகம் பரவாயில்லை. பக்கத்துக்கு ஆறு வரி, மிச்சமெல்லாம் வெள்ளை. சில பக்கங்களில் அந்த வெள்ளைதான் நன்றாக இருந்தது. சரித்திர நாவலில் எல்லாரும் குதிரை மேலேயே இருக்கிறார்கள், குதிரைக்குப் புல் போட ஒரு ஆளைக் காணோம். துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. புது மாப்பிள்ளை கேட்காமலேயே மாமியாருக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறான். அப்படிப்பட்டவனை எந்த ஊரில் நம்புவார்கள்? கதையில் வருகிற போலீஸ்காரருக்கு மட்டும் கடைசி வரை புரியவில்லை.

இப்படி அபிப்பிராயம் சொல்வதற்கு நான் பெரிய படிப்பாளி இல்லை. என் பெயர் பவுசியா, ஊர் கறம்பக்குடி, படிப்பு பத்தாவது. புத்தகமெல்லாம் என் வீட்டுக்காரர் அப்துல் நாசருடையவை. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். புதுக்கோட்டையில் புத்தகத் திருவிழா நடந்தால் அன்றைக்குக் கடைக்கு லீவு. இரண்டு கையிலும் பை தொங்க வந்து இறங்குவார். "இதையெல்லாம் தாளிச்சாத் திங்க முடியும்?" என்று நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே அலமாரியில் அடுக்குவார்.

நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவர் மௌத்தாகிவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் இத்தா இருக்கிறேன். புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். முதலில் துக்கம் விசாரிக்க வந்த பெண்களால் வீடு நிறைந்து கிடந்தது. பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்க வேண்டுமில்லையா, போய்விட்டார்கள். டிவியைத் துணி போட்டு மூடியாயிற்று. மிஞ்சியது நானும் அந்த இரும்பு அலமாரியும்தான். பக்கத்து வீட்டு மீனம்மாள் மட்டும் கொல்லைப்பக்கமாக வந்து காய்கறியோ மீனோ கொடுத்துவிட்டுப் போவாள்.

"பொழுதன்னைக்கும் புஸ்தகத்தப் பாத்தா வயிறு நெறஞ்சிருமாக்கா?" என்பாள். சாப்பிடப் பிடிக்கவில்லை என்று அவளிடம் நான் சொன்னதில்லை. ஆக்கின சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அவர் இருந்தவரை நான் ஒரு புத்தகமும் படித்ததில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தால் கதை தானாக ஆரம்பித்துவிடும். கடையில் ஆளில்லாத நேரத்தில் படித்ததை, நான் சோற்றில் ஆணம் ஊற்ற ஊற்ற, சொல்லிக்கொண்டே போவார். பெரிய நாவல் என்றால் பத்துப் பதினைந்து நாள் ஓடும். எந்தச் சீமைக் கதையானாலும் பஸ் எங்கள் ரூட்டில்தான் வரும், ஆலங்குடியில் நின்று ஆள் ஏற்றும். கதை முடிகிற இடத்தில் கட்டாயம் யாராவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜெயிலிலிருந்து வந்தவனுக்குக் கருவாட்டுக் குழம்பு. கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பினால் கோழி.

"ஒங்களுக்குப் பசிச்சா கதையில உள்ளவனுக்கும் பசிக்குமா?" என்று கேட்பேன்.

"வந்தவனுக்குச் சோறு போடாம எப்புடிக் கதைய முடிக்கிறது?" என்பார்.

அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அதனால்தான் அவர் எனக்குச் சொன்ன கதைகளாகத் தேடி எடுக்க ஆரம்பித்தேன். முதலில் பர்மாவுக்குப் போன அண்ணன் கதை. அண்ணன் வருவான், தங்கச்சி அழுதுகொண்டே ரசம் வைத்து ஊற்றுவாள் என்று எனக்கு மனப்பாடம். புத்தகத்தில் அண்ணன் வரவே இல்லை. காட்டு வழியில் நடந்து வந்தவன் காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். தங்கச்சி வாசலிலேயே கிழவியாகிறாள், அத்தோடு சரி.

பைண்டிங்கில் பக்கம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பக்க எண்ணைப் பார்த்தால் வரிசையாகத்தான் இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அவர் கதையில் வெள்ளத்தில் நீந்திக் கரையேறிப் பால்சோறு தின்ற நாய், புத்தகத்தில் கரையேறவில்லை. அதற்கடுத்ததில் வாத்தியாருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, தூக்கில் தொங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊருக்கெல்லாம் மீட்டர் குறையாமல் துணி கிழித்துக் கொடுத்த மனுஷன், எனக்குச் சொன்ன கதையில் மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறார். இத்தனை வருஷமாக என்னைச் சின்னப்பிள்ளையாக்கி வைத்திருக்கிறார். வரட்டும், இன்றைக்குச் சோற்றுக்கு உட்காரும்போது கேட்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் மையித்தைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. சண்டை போட வேண்டும், எதிரில் ஆள் இல்லை.

மகள் நுஸைபா ஷார்ஜாவில் இருக்கிறாள். தலைப்பிரசவம், மாதம் ஏறிவிட்டது. விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பெற்ற அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அந்த ஃபிளாட்டில் அவளுக்கும் சுவர்தான் துணை. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் ஆனதும் எனக்குப் போன் போடுவாள். அன்றைக்கு அவள் ஹலோ சொல்வதற்குள் நான் பொரிந்து தள்ளினேன்.

கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. எட்டாவது படிக்கிறப்பவே அந்த பர்மா புக்கப் படிச்சுட்டேன். ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு அத்தாக்கிட்டக் கேட்டேன். அம்மாட்ட சொல்லிறாதன்னாங்க."

"ஏனாம்?"

"தம்பி பொறந்து போனான்ல, அந்த வருசம் ஒரு கதைய உள்ளபடியே சொன்னாங்களாம். நீ பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனவ, அப்புறம் ரெண்டு நாளைக்குச் சோறே தொடலையாம். அதுலேர்ந்துதான்."

பிள்ளை போனது எனக்கு நினைவிருக்கிறது, அது மறக்குமா. அந்தக் கதையும், பாதிச் சோற்றில் எழுந்ததும் சுத்தமாக நினைவில்லை. நான் மறந்துபோன ஒன்றை அவர் தினமும் சாப்பிடும்போது நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். போனை வைத்தேன். சண்டை போட இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

அவர் பாதியில் விட்ட புத்தகம் ஒன்று தலைமாட்டில் இருந்தது. நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. பிச்சையம்மாள் என்று ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். லாரி ஓட்டப் போன புருஷன் குழந்தைசாமி வடக்கே ஒரு கேஸில் மாட்டி ஜெயிலுக்குப் போய்விடுகிறான். வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். விடுதலையாகி அவன் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல் வருகிறது. மௌத்தாவதற்கு முந்தின நாள் மதியம் அந்த இடத்தில்தான் நிறுத்தினார். "பஸ்சு ஆலங்குடி தாண்டிருச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்று கையைக் கழுவப் போனார்.

அந்தக் கதையை நான் நுஸைபாவுக்குப் போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தேன். அத்தா கடைசியாகச் சொன்னது என்பதால் அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஆலங்குடியோடு நானும் நிறுத்திவிட்டேன். டிக்கெட்டுக்கு அந்தப் பக்கம் போக எனக்குப் பயம். புத்தகத்தில் இருந்த முடிவை யாரும் படித்துக்கொள்ளலாம். அவர் எனக்காக என்ன முடிவு வைத்திருந்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. குழந்தைசாமி வந்து எதைச் சாப்பிடுவதாக இருந்தான்? அது தெரியாமலேயே நான் மிச்ச நாளையெல்லாம் கழிக்க வேண்டும்.

"நாளைக்கு முடிச்சிரும்மா. எனக்கு இங்கிட்டு இருப்புக்கொள்ளல" என்று அவள் சொன்ன மறுநாள், மீனம்மாள் கொடுத்த கட்டுமாவடி மீனை ஆணம் வைத்து இறக்கிவிட்டு, டிக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துப் படித்தேன்.

பஸ் வருகிறது. எல்லாரும் இறங்குகிறார்கள். கண்டக்டர் உள்ளே போய், ஜன்னலோரம் சாய்ந்து தூங்குகிற குழந்தைசாமியை எழுப்புகிறார். அவன் எழுந்திருக்கவில்லை. பிச்சையம்மாள் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறுகிறாள். அவ்வளவுதான்.

நல்ல புத்தகம். அலமாரியில் நான் படித்ததிலேயே அதுதான் நல்ல புத்தகம். ஒரு சொல் பொய்யில்லை. எழுதினவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் என் வீட்டுக்காரர் இல்லையே. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆணம் ஆறி ஏடு கட்டிவிட்டது.

போன் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"பஸ்சு என்னம்மா ஆச்சு?"

அவள் குரலில் முந்தின இரவு தூங்காதது தெரிந்தது. வயிற்றில் பிள்ளையோடு, நாலு சுவருக்குள், அத்தாவை நினைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறாள் என் பிள்ளை.

"வந்துருச்சுத்தா" என்றேன்.

"அவரு?"

"மொத ஆளா எறங்கிட்டாரு."

எட்டாவது வகுப்பிலேயே கண்டுபிடித்தவள், இப்போது கண்டுபிடிக்க மாட்டாளா? அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பொய்யென்று சொல்லிவிடுவாளோ என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"வந்து என்னம்மா சாப்பிட்டாரு?" என்றாள்.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"சோறும் மீன் ஆணமும். அம்புட்டுத் தொலவு பட்டினியா வந்த மனுசனாச்சே. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னாரு."

"அந்தப் பொம்பள சாப்பிட்டாளா, இல்ல பாத்துக்கிட்டே நின்னாளா?"

"சாப்பிட்டா" என்றேன். "கூடவே உக்காந்து சாப்பிட்டா."

"அப்பச் சரி. நானும் இன்னும் சாப்பிடலம்மா. தட்ட எடுத்துட்டு வாரேன். நீயும் எடு."

போனைச் சோற்றுப்பானையில் சாய்த்து வைத்துவிட்டு ஆணத்தைச் சுட வைத்தேன். அங்கே ஷார்ஜாவில் அவள் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.