முன்வாசலில் கொடுத்த அதிரசம்

அதிரசம் எண்ணெயில் உப்பி மேலே வந்தது. பவுனம்மாள் அதைச் சல்லிக்கரண்டியில் ஏந்தி, இன்னொரு கரண்டியால் அழுத்தி எண்ணெயைப் பிழிந்து, தாம்பாளத்தில் வைத்தாள். எதிரே முக்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் மருதை.

"குளிச்சிட்டுத்தானே அடுப்பு மூட்டுனே?"

"எத்தனை தரம் கேப்பீங்க? தலை ஈரம் தெரியலையா?"

"சட்டி?"

"சட்டி புதுசு, எண்ணெய் புதுசு. நான்தான் பழசு."

மருதை சிரிக்கவில்லை. "கொண்டையை நல்லா இறுக்கிக் கட்டிக்க. சவரக்காரன் வீட்டுப் பண்டத்துல ஒத்தை முடி கிடந்தாப் போதும். ஊரு வாயை மூட முடியாது."

அவருக்கு உறையூரில் சலூன். அவருடைய அப்பா வீடு வீடாகப் போய் முடிவெட்டியவர். தீபாவளியன்று அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் கூடையோடு நின்று, போடுகிற பலகாரத்தை வாங்கி வருவார். சின்ன வயதில் அந்தக் கூடை மருதையின் தலையிலும் ஏறியிருக்கிறது. நாற்காலியும் பெரிய கண்ணாடியும் வாங்கிப் போட்டு, மாலை சாத்திக் கடை திறந்த வருஷத்தோடு அவர் கூடை எடுப்பதை நிறுத்தினார். வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த அக்கா இருசம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. புருஷனை இழந்தவள், அந்தத் தெருக்களில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான்.

இந்த அதிரசத்துக்கு வித்திட்டவர் ரத்தினவேல். கைத்தறிச் சங்கச் செயலாளர். மேடையிலும் பேசுவார், சலூனிலும் பேசுவார். ஐப்பசி பிறந்த வாரம் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தவர், பாதியில் மடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் மருதண்ணே, காலம் பூரா உங்க ஆளுங்களே எங்க வீட்டுப் பலகாரத்தைத் தின்னுக்கிட்டு இருக்கணுமா? உங்க வீட்டுது எங்களுக்கு வரக் கூடாதா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மருதை சீப்பை நிறுத்தி, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்ன முகமாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே பச்சரிசியும் பாகுவெல்லமும் நெய்யும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வருசம் நம்ம வீட்டுலேருந்து அவங்களுக்குப் போகுது. நீ கூடையை எடுக்காதே. மானம் போயிடும்."

"போறது போகட்டும். நான் என்ன உன் கத்திக்கா வாங்குறேன்? நான் அறுத்த தொப்புள்கொடிக்கு வாங்குறேன்" என்றாள் இருசம்மாள். "எனக்குச் சீலை எவன் எடுத்துக் குடுப்பான், நீயா?"

ஆறிய அதிரசங்களைப் பவுனம்மாள் வாழைச் சருகில் மடித்து, பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய சிவப்பு நூலால் கட்டினாள். கடையில் வைத்தே கொடுத்துவிடலாம் என்றாள். மருதை ஒப்பவில்லை. முடிவெட்டிக்கொண்டவன் தலை முழுகாமல் தின்பண்டத்தைத் தொட மாட்டான். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை.

தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம் ஓய்ந்ததும், குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பையோடு கிளம்பினார். கடைக்கு அடுத்த சைக்கிள் கடை ரசூல் பொட்டணத்தை அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணி கையி மணக்குதுண்ணே. இன்னொண்ணு வையுங்க. எங்க வீட்டு ஆளு கேட்டா ஒண்ணுதான் குடுத்தீங்கன்னு சொல்லிடுங்க."

மருதை எல்லா வீட்டிலும் முன்வாசலில்தான் நின்றார். அரிசி மண்டிக்காரர் வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து பார்த்தாள்.

"நீயா? கொல்லைப் பக்கம் வரக் கூடாதா?"

"தீபாவளிப் பலகாரம்மா. நம்ம வீட்டுல செஞ்சது."

அவள் உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "கை வேலையா இருக்கு. அந்த ஜன்னல்ல வச்சிட்டுப் போப்பா."

வைத்துவிட்டு வந்தார். அடுத்திருந்த வாத்தியார் வீட்டிலும் ஏறக்குறைய அதே பேச்சு. ரத்தினவேல் மட்டும் வாசலுக்கே இறங்கி வந்து, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தீங்களாண்ணே, இதுதான் நான் கேட்டது. இதுதான் விடிவு" என்றார். திரும்பி வரும்போது மருதை வேட்டியை இறக்கிவிட்டு நடுத்தெருவில் நடந்தார்.

தீபாவளியன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் இருசம்மாள் கூடையை அவர்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். புதுச்சீலை ஒன்று கையில் இருந்தது. முறுக்கையும் சுழியத்தையும் தனியாக எடுத்து வைத்தாள். அடியில் வாழைச் சருகுப் பொட்டணங்கள் கிடந்தன. சிவப்பு நூல். முடிச்சு அவிழவில்லை.

பவுனம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"இது யார் வீட்டுலே?" என்று கேட்டார் மருதை.

"மண்டிக்காரர் வீடு. இது வாத்தியார் வீடு."

"இது?"

இருசம்மாள் முறுக்கை எண்ணெய்க் காகிதத்தில் பிரித்து அடுக்கினாள்.

"சொல்லுக்கா."

"செயலாளர் வீடு. அவருதான் எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. அந்தம்மா கொண்டாந்து போட்டுச்சு."

"நம்மளுதுன்னு தெரியலையா உனக்கு?"

"தெரியாம என்ன? தெரிஞ்சுதான் வாங்குனேன். நான் வேண்டாம்னா மாட்டுத் தொட்டிக்குப் போகும். நெய் ஊத்திப் பிசைஞ்சது தம்பி. பண்டம் என்ன பாவம் பண்ணுச்சு?"

மருதை பொட்டணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று பவுனம்மாள் எதிர்பார்த்தாள், வரவில்லை. தெருவில் சரவெடி ஒன்று வெடித்து முடிந்தது.

"பிரி" என்றார். "சோத்தோட ஆளுக்கு ரெண்டு வையி."

வைத்தாள். அவர் ஒன்றைப் பிட்டு மென்றார். வாயில் மாவு இருந்தது, அவ்வளவுதான்.

"பதம் சரியா இருக்காங்க?" சுட்டதிலிருந்து அவள் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

"இருக்கு."

அந்த வாரக் கடைசியில் ரத்தினவேல் சவரத்துக்கு வந்தார். பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ரசூலும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"மருதண்ணே, உங்க வீட்டு அதிரசம் பிரமாதம். பிள்ளைங்க எனக்கு மிச்சம் வைக்கல, போங்க."

மருதை பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றினார். நுரை வந்துவிட்டது. இன்னும் சுழற்றினார்.

"சந்தோசங்க" என்றார்.

"வர்ற வருசமும் மறந்துடாதீங்க."

"சரிங்க."

இரண்டு கன்னத்திலும் நுரை பூசி, கத்தியைத் தோல்வாரில் தீட்டி, ஒரு பக்கம் வழித்தார். மறு பக்கத்துக்குப் போவதற்குள் ரத்தினவேலின் கண்கள் செருகிவிட்டன. எப்போதும் அப்படித்தான். இந்தக் கை பட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது என்று ஊரெல்லாம் சொல்வார். மெல்லிய குறட்டை கிளம்பியது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"எழுப்புங்கண்ணே, கடையைப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் ரசூல்.

மருதை எழுப்பவில்லை. கத்தியை மடக்கிப் பலகையில் வைத்தார். சரிந்த தலை நாற்காலிக் கட்டையில் இடித்துவிடாமல் உள்ளங்கையை அணைகொடுத்து, அது தானாக விழிக்கும்வரை ஏந்திக்கொண்டு நின்றார்.