காப்புக் கையோடு எல்லை தாண்டியவள்

வேலப்போடி அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நோய் என்று ஊரே சொன்னது. சலப்பையில், அதாவது மூத்திரப் பையில் புற்று. அவருக்கு வந்து பதினொரு வருடம். நான்கு தரம் சுரண்டி எடுத்தார்கள். நான்கு தரமும் திரும்பி வந்தது. மனிதர் இன்றைக்கும் சைக்கிளில் வயல் வட்டைக்குப் போகிறார், கண்ணகை அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக இருந்துகொண்டு எல்லாரையும் அதட்டுகிறார். ஆகவே சீனிப்பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்காக முடிவு கட்டிவிட்டார்கள்.

நானும் லேசுப்பட்ட மடைச்சி இல்லை. சிறுநீர் சிவப்பாகப் போனபோது சூடு என்று செவ்விளநீர் குடித்தேன். நின்றது. சுகம் என்று நினைத்தேன். திரும்ப வந்தபோதும் இளநீர்தான். மூன்றாம் தரம் இரத்தம் கட்டி கட்டியாக விழுந்த பிறகே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கமறாக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சித்திரையில் சுரண்டி எடுத்தார்கள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டொக்டர் அம்னாவிடம் வேலப்போடி அண்ணனின் கதையைச் சொல்லி, அவருடைய அறிக்கையின் படத்தையும் போனில் காட்டினேன்.

“இவருக்குக் குறைந்த தரப் புற்று அம்மா. திரும்பத் திரும்ப வரும், ஆனா ஆழத்துக்கு இறங்கிறது குறைவு. உங்களுக்கு உயர்ந்த தரம். அது திரும்பி வாறதோட நிக்காது, சுவருக்குள்ள இறங்கப் பாக்கும். இப்பவே உள்தோலைத் தாண்டிட்டு. எடுத்த துண்டில தசை வரல்ல. அதால ஆறு கிழமைக்குள்ள, ஒண்டரை மாசத்துக்குள்ள, இன்னொருக்காச் சுரண்டிப் பாக்கணும். தசைக்குள்ள போகல்லயெண்டா பைக்குள்ள மருந்து விடலாம். போயிருந்தா, பையையே எடுக்கிறதைப் பத்தித்தான் கதைக்கணும்.”

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். பயத்தில்தான் அழுதேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பட்டியலில் எனக்கு இடம் கிடைத்ததோ ஆடியில். அதற்குள் வைகாசி வந்து கோயில் கதவு திறந்தது. வருடத்தில் அந்த ஒரு தரம்தான் திறப்பார்கள். அம்மனுக்கு நெல் குத்தும் ஏழு பெண்களில் நானும் ஒருத்தி. இந்த முறை உலக்கை வேண்டாம், சுளகு பிடித்தால் போதும் என்றார்கள். எங்களுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், கடைசிநாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது.

கட்டிய மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாதி றிஸ்னா போன் எடுத்தார்.

“வியாழக்கிழமைக்கு இருந்த ஒரு ஆள் வரல்லயாம். நாளைக்கே வந்து வார்ட்டில படுத்தா உங்களைச் செய்யலாம். இல்லாட்டி ஆடிதான்.”

கதை எப்படிப் போனதோ, பின்னேரமே வேலப்போடி அண்ணன் வாசலில் நின்றார்.

“ஆடி வரைக்கும் பொறு புள்ள. நான் பதினொரு வருசம் பொறுக்கல்லயா? காப்போட எல்லை தாண்டினா ஊருக்கே ஆகாது.”

என் புருசன் வினாயகமூர்த்தி வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்தவர் போல நின்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“உங்கட நோய் வாசல்ல வந்து வந்து கூப்பிடுற நோய், அண்ணன். என்டது சுவரை உடைச்சிக்கிட்டு உள்ள போற நோய். பேர் ஒண்டெண்டா ரெண்டும் ஒண்டா?”

“அப்ப காப்பைக் கழட்டி வெச்சிட்டுப் போ.”

“கழட்ட மாட்டன். அம்மனுக்குக் கட்டினது. வேணுமெண்டா அவ கழட்டட்டும்.”

விடியக்காலை பஸ் ஏறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. குருக்கள்மடம் தாண்டும்போதுதான் வினாயகமூர்த்தி வாயைத் திறந்து, “தண்ணிப் போத்தல் எடுத்தியா?” என்றார். வியாழக்கிழமை ஒபரேஷன் தியேட்டர் வாசலில் றிஸ்னா ஒன்றும் கேட்காமல் காப்பைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. அதே இடத்தில் மிச்சம் இருந்திருக்கிறது, அதே உயர்ந்த தரம். தசை சுத்தம். பை தப்பியது. பிறந்த பிள்ளைக்குத் தோளில் போடுகிற காசநோய்த் தடுப்பு மருந்தையே, ஆறு கிழமை, கிழமைக்கு ஒரு தரம் பைக்குள் விட்டார்கள். இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருக்க வேண்டும். எரிந்த எரிவில் எனக்குத் தெரிந்த தூசண வார்த்தை எல்லாம் தீர்ந்துபோனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு கமறா. இதுவரை ஒன்றும் இல்லை. திரும்ப வராது என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வைகாசியில் மறுகா கதவு திறந்தது. காப்புக் கட்டும் வரிசையில் போய் நின்றேன். வேலப்போடி அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

“முதல்ல அம்மனுக்கு முன்னால விழுந்து, செய்தது பிழையெண்டு சொல்லு.”

சனம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. முன்னால் போய் நின்றேன். கும்பிட்டேன். விழவில்லை.

“தாயே, நீ நியாயம் கேட்டு அரண்மனைக்கே போனவ. நான் உயிர் கேட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனன். இதில பிழை எது எண்டு நீ சொல்லு, இவர் சொல்ல வேணாம்.”

வேலப்போடி அண்ணனின் முன்னால் திரும்பி வந்து கையை நீட்டினேன்.

“கட்டுங்க அண்ணன். கட்டக்குள்ளயே சொல்லிப்போட்டன், என்ட அடுத்த கமறா வாற வியாழக்கிழமை.”